பிரேசில் ஹோட்டலில் ஒரு சிவப்பு அட்டை

பாம்பைப் பார்த்துப் பயந்தவர்களை உங்களுக்குத் தெரியும். போலீஸைப் பார்த்துப் பயந்தவர்களையும் தெரியும். விசிட்டிங் கார்டு அளவில் ஓர் அட்டை... அதைப் பார்த்துக் கைகால் உதறிய ஆளைத் தெரியுமா?

நான்தான்.

லிஃப்டுக்குப் பயந்து நாலு மாடி ஏறிய கதையை இதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஏடிஎம்மில் பின்னால் ஆள் வந்து நின்றால் நம்பர் மறந்துபோகும் கதையையும் எழுதியிருக்கிறேன். "எப்போதும் பயந்த கதைதானா சார்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். மன்னிக்கணும் அம்மா, இந்த வாரமும் அதேதான். ஆனால் அதெல்லாம் நீங்கள் சிரிக்கட்டும் என்று எழுதியது. இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "தாராளமா எழுதும்வே. பேரைக்கூட மாத்தாண்டாம்" என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். அது என்ன என்று உரிய இடத்தில் சொல்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். தினமும் காலையில் மைதானத்தில் சேர்ந்து நடக்கிறவர்கள். காதர் மைதீன் மேலப்பாளையத்துக்காரர். இருபது வருஷத்துக்கு மேல் துபாயில் இருந்துவிட்டு வந்து இப்போது ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். சுப்பையா பேட்டையில் லேத் பட்டறை நடத்துகிறார். இரும்பைத் தலைமுடி கனத்துக்குச் சீவச் சொன்னால் சீவித் தருவார், கை அவ்வளவு நிதானம். மூன்றாவது ஆள் நான். என் கை நிதானத்தைப் பற்றி என் கையெழுத்தைத் திருத்திப் போடும் உதவி ஆசிரியரிடம்தான் கேட்க வேண்டும்.

காதருக்குப் பேரன் பிறந்துவிட்டான். விருந்து வேண்டும் என்று நாங்கள் இருவரும் பிடித்துக்கொண்டோம்.

"புரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் குடுத்து ஏமாத்திரப்பிடாது, ஆமா" என்றார் சுப்பையா.

"ஏமாத்துவனாவே? உங்க ரெண்டு பேரையும் பிரேசில் கூட்டிட்டுப் போயிருதேன்" என்றார் காதர்.

பிரேசில் என்றால் தேசம் இல்லை. பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் பிரேசில் ஹோட்டல். காதர் துபாயில் இந்த மாதிரி இடத்தில் சாப்பிட்டிருக்கிறாராம். இலை கிடையாது, மெனு கார்டு கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று ஒரே ரேட். உட்கார்ந்தால் போதும், சுட்ட கறியை நீளக் கம்பியில் குத்தி எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாக வருவார்கள். வேண்டும் வேண்டும் என்கிற வரைக்கும் வெட்டி வெட்டிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

"மதியம் ஒருத்தரும் சோறு திங்கப்பிடாது" என்று காதர் உத்தரவு போட்டார். போடாவிட்டாலும் நாங்கள் சாப்பிட்டிருக்க மாட்டோம். அன்லிமிடெட் என்று போர்டு போட்ட இடத்துக்கு மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகும் ஆளை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஆறரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே போனதும் சுப்பையா, "கையைக் கழுவிட்டு வந்திருதேன்" என்று வாஷ்ரூம் பக்கம் போனார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த இடம் பார்த்ததுமே பயமாகத்தான் இருந்தது. ஒரு கையில் இரண்டடிக் கம்பி, இன்னொரு கையில் பளபளவென்று கத்தி... இப்படி ஆறேழு பேர் நடமாடும் இடத்தில் எனக்கு எப்படிப் பசிக்கும்? தோள்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் மேஜைக்கு வந்தவர் பெயர் செல்வின். நாற்பது வயது இருக்கும். துபாயில் பத்து வருஷம் இதே கம்பி, இதே கத்தி. காதர் எந்த ஊர் என்று கேட்டதும் மனிதர் மலர்ந்துவிட்டார்.

"திசையன்விளை பக்கம் அண்ணாச்சி. பிரேசிலை நானும் மேப்லதான் பார்த்திருக்கேன்" என்றார்.

அங்கே மாடுதான் பிரதானமாம். இங்கே ஊருக்குத் தகுந்தபடி ஆடு, கோழி, காடை. எல்லாம் ஹலால். சோறும் உண்டு, கறுப்புப் பயறு போட்ட ஒரு குழம்பும் உண்டு, அன்னாசிப்பழத்தைக்கூடச் சுட்டுத் தருவார்களாம். சொல்லிவிட்டு, மேஜை நடுவில் இருந்த ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் பச்சை. மறுபக்கம் சிவப்பு.

"பச்சை மேல இருந்தா நாங்க கொண்டுவந்துக்கிட்டே இருப்போம். செவப்பைத் திருப்பி வச்சிட்டா ஒருத்தரும் கிட்ட வரமாட்டோம். அவ்ளோதான் அண்ணாச்சி கணக்கு."

எவ்வளவு சுலபம் பாருங்கள். நம் ஊர்ப் பந்தியில் போதும் போதும் என்று இலையின் மேல் குப்புற விழுந்தால்தான் விடுவார்கள். இங்கே வாயைத் திறக்கவே வேண்டாம்.

அந்த நேரம் பார்த்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். காதர் எழுந்தார்.

"மஃரிப் தொழுதுட்டு வந்திருதேன். பத்தே நிமிசம். நீங்க தொடங்குங்க."

"அது எப்படிவே? விருந்துக்காரர் இல்லாம நாங்க இலையில கை வைக்கவா? நீரு வாரும், பைய வாரும்" என்றார் சுப்பையா.

காதர் வாசலைத் தாண்டவில்லை, முதல் கம்பி வந்துவிட்டது. மிளகு வாசனையோடு ஆட்டுத் தொடை. சுப்பையா என்ன செய்தார் தெரியுமா? கையை நீட்டி அந்த அட்டையைச் சிவப்புக்குத் திருப்பி வைத்தார். கம்பிக்காரர் ஒரு சலாம் வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

அதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. நானும் தலையாட்டினேன். பந்தியில் எல்லோரும் உட்காராமல் ஒருவர் மட்டும் சோற்றில் கை வைத்தால் அவரை நாம் எப்படிப் பார்ப்போம்? அந்தப் பார்வைக்குப் பயந்தே இந்தச் சீமையில் பாதிப் பேர் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார்கள். விருந்து கொடுக்கிறவர் தொழுகைக்குப் போயிருக்கிறார். நாம் எலும்பு கடித்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?

பத்து நிமிஷம் போனது. பதினைந்து போனது. கம்பிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொருவரும் அட்டையைப் பார்ப்பார், சிரிப்பார், போய்விடுவார்.

இருபதாவது நிமிஷம் காதர் போன் பண்ணினார். "துபாய்க் கூட்டாளி ஒருத்தன் வாசல்ல வச்சுப் புடிச்சுக்கிட்டான்வே. அவன் வாப்பா மௌத்தாயிட்டாவளாம். உடனே கிளம்ப முடியல. நீங்க சாப்பிடுங்க."

நான் சுப்பையாவைப் பார்த்தேன். அவர் ஒரு கணம் அட்டையைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

"வரட்டும்வே. துக்கம் கேக்குத இடத்துல அவசரப்படுத்தக் கூடாது" என்றார்.

நானும் போனில், "நீரு வாரும். நாங்க இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் சுப்பையா பேச்சைக் குறைத்தார். கொட்டாவி விட்டார். திரும்பத் திரும்ப விட்டார். பசி மயக்கம் என்று நினைத்தேன். எனக்கும்தானே பசி. அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். அது பல்லில் மோதிச் சத்தம் கேட்டது. கையைப் பார்த்தேன். நடுங்கியது.

சுப்பையாவின் கை! நடுங்கியது என்று நான் எழுதும்போது உங்களுக்கு அது சாதாரணமாகத் தெரியலாம். பதினோரு வருஷமாக அந்தக் கையைப் பார்க்கிறவன் நான்.

"என்னவே, உடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல."

ஏசி போட்ட அறை. எனக்குக் குளிரில் தோள் சில்லிடுகிறது. அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. சட்டைக் காலர் நனைந்துவிட்டது. செல்வின் தற்செயலாக எங்கள் பக்கம் வந்தார்.

"எதுக்குலே சும்மா சும்மா இங்கன வந்து நிக்கே?" என்று சுப்பையா கத்தினார். மொத்த ஹோட்டலும் திரும்பிப் பார்த்தது.

பட்டறையில் வேலை பார்க்கிறவர்களைக்கூட வாங்க போங்க என்று பேசுகிற மனிதர் அவர். ஒருவரையும் ஏலே என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நான் அவர் தோளைத் தொட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் பெயர், என்னை யாரென்று தெரிந்த மாதிரி இல்லை.

"மிசினை அமத்து" என்றார் மெதுவாக. "பெல்ட் அறுந்துரும்... மிசினை அமத்துலே."

வாசகர்களே, அந்த நிமிஷம் நான் பயந்த மாதிரி என் ஆயுளில் பயந்ததில்லை. நெஞ்சு வலி என்று நினைத்தேன். பக்கவாதம் என்று நினைத்தேன். அவர் மனைவி கோமதி மதினியிடம் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். நினைத்தேன், நினைத்தேன், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில் நான் செய்த ஒரே காரியம் என்ன தெரியுமா? கையை நீட்டி அந்த அட்டையைப் பச்சைக்குத் திருப்பினேன்!

பசியில்தான் இப்படி ஆகிறது, சாப்பிட்டால் சரியாகிவிடும்... என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

மறுகணம் நாலு பக்கமிருந்தும் கம்பிகள் வந்துவிட்டன. ஆடு, கோழி, காடை, மறுபடி ஆடு. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். முக்கால் மணி நேரமாகக் காத்திருந்த தட்டு அரை நிமிஷத்தில் நிறைந்துவிட்டது. நான் ஒரு துண்டை எடுத்து அவர் வாயில் திணித்தேன். மெல்லவில்லை. கறி வாயோரத்தில் அப்படியே நின்றது. கண் சொருக ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, கறி குடுக்காதீங்க! தொண்டையில சிக்கிரும்!"

செல்வின்தான். கம்பியை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடிவந்தார். விரலை விட்டு அந்தத் துண்டை வெளியே எடுத்தார். சுப்பையாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சிக்கு சுகர் உண்டா?"

"இல்லப்பா. அவருக்கு ஒண்ணும் கிடையாது" என்றேன். அப்படித்தான் எங்களுக்குத் தெரியும். தினமும் காலையில் அவரே சொல்வார், "இரும்பு மாதிரி இருக்கேம்வே" என்று.

"எங்க அம்மைக்கு ரெண்டு தடவ இப்படியே வந்திருக்கு. வீட்டுக்குப் போன் போடுங்க, சீக்கிரம்!" என்று சொல்லிவிட்டு அவர் சமையல் கட்டுக்கு ஓடினார்.

போனை எடுத்தேன். கோமதி மதினி நம்பரைத் தேடுவதற்குள் இரண்டு முறை கீழே போட்டேன். மணி அடிக்கிறது... அடிக்கிறது... எடுத்தார்.

"மதினி, அண்ணாச்சிக்கு ஒரு மாதிரி இருக்கு. வேர்த்துக் கொட்டுது. ஏதோ பேசுதாரு, ஒண்ணும் புரியல."

அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"சாப்பிட்டாரா?"

"இல்ல மதினி, இன்னும் காதர் வரல..."

"ஐயோ! ஊசி போட்டிருப்பாரே அண்ணே!"

"என்ன ஊசி?"

"இன்சுலின்... ரெண்டு வருசமாப் போடுதாரு... யார்கிட்டயும் சொல்லாதன்னு..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. அழுதார்.

கை கழுவப் போனது எதற்கு என்று அப்போது புரிந்தது. உட்கார்ந்ததும் சோறு வந்துவிடும் இடங்களிலேயே சாப்பிட்டுப் பழகிய மனிதர். ஹோட்டலுக்குள் நுழைந்ததும் ஊசியைப் போட்டிருக்கிறார். போட்ட கையோடு சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும் என்று பிறகு டாக்டர் சொன்னார். மதியம் பட்டினி. பெரிய விருந்து என்பதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே போட்டிருக்கிறார். போட்டுவிட்டு வந்து, மரியாதைக்காகத் தன் கையாலேயே சிவப்பு அட்டையைத் திருப்பி வைத்திருக்கிறார். தன் உடம்பில் என்ன ஓடுகிறது என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். "எனக்குப் பசிக்குது, நான் தொடங்குதேன்" என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

செல்வின் ஒரு டம்ளரோடு வந்தார். தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கியது. "முழிப்பு இருக்கும்போதே குடிக்கணும். மயங்கிட்டா வாயில ஒண்ணும் ஊத்தப்பிடாது" என்று சொல்லிக்கொண்டே சுப்பையாவின் முதுகைத் தாங்கி நிமிர்த்தினார். "அண்ணாச்சி, ஒரு வாய்... ஒரே ஒரு வாய்..."

முதல் வாய் சட்டையில் வழிந்தது. இரண்டாவது வாய் உள்ளே போனது. தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். அந்தத் தொண்டையைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

"யார்கிட்டயாவது சுகர் பாக்குத மிசின் இருக்கா?" என்று செல்வின் ஹோட்டல் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

இருந்தது. கழுத்து நிறைய நகை போட்ட ஓர் அம்மா கைப்பையைத் திறந்து எடுத்து நீட்டினார். அவர் மகனே அதை ஆச்சரியமாகப் பார்த்தான். இன்னொரு மேஜையில் டி-ஷர்ட் போட்ட ஓர் ஆள், நாற்பதுகூட இருக்காது, பேன்ட் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். இரண்டு மீட்டர்கள்! கறி மணக்கும் ஹோட்டலில், சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மேஜைகளிலிருந்து.

சுப்பையாவின் நிபந்தனை இந்த இடத்தைப் பற்றியதுதான். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

மீட்டரில் நாற்பத்து நாலு காட்டியது. எழுபதுக்குக் கீழே போகக்கூடாதாம். செல்வின் உதட்டைக் கடித்துக்கொண்டார். இன்னொரு டம்ளர். பிறகு காத்திருந்தோம். பதினைந்து நிமிஷம்... அந்த மாலையில் காதருக்காகக் காத்திருந்த முக்கால் மணி நேரத்தைவிட நீளமான பதினைந்து நிமிஷம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஈரமாக, சில்லென்று இருந்தது. போகாதீரும்வே, போகாதீரும்வே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்தேன். சத்தமாகவே சொன்னேன் என்று செல்வின் பிறகு சொன்னார்.

நடுக்கம் பையப் பைய நின்றது. சுப்பையா கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தார். மலை மாதிரி கறி.

"காதர் வந்துட்டாரா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அடித்திருப்பேன். அழுகை முந்திக்கொண்டது.

காதர் வந்தபோது சுப்பையா சோறும் அந்தக் கறுப்புப் பயற்றுக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சேதி கேட்டதும் காதர் அப்படியே நாற்காலியில் சரிந்தார். "என்னாலயா? யா அல்லா, எனக்காகவா இருந்தீரு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு மூன்று பேருமாகக் காரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சுப்பையாவைத் திட்டிய திட்டில் நாங்கள் இருவரும் வெளியே வந்து நின்றுகொண்டோம். பில் பணத்தைக் கொடுக்கக் காதர் மறுநாள் ஹோட்டலுக்குப் போனார். அவர்கள் வாங்கவில்லை.

எதற்காக மறைத்தார்? மறுநாள் காலை மைதானத்தில் நடக்காமல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டோம். மகளுக்கு நாங்குநேரியில் ஒரு வரன் பேசிக்கொண்டிருக்கிறார். பொண்ணோட அப்பனுக்கு ஊசி போடுத அளவுக்கு சுகர் என்றால் பரம்பரை நோய் என்று கை கழுவிவிடுவார்களோ என்று பயம்.

"மாத்திரைன்னா சொல்லிரலாம்வே. ஊசின்னா ஆளு முடிஞ்சான்னு நினைப்பாங்க" என்றார்.

யோசித்துப் பாருங்கள். அந்த மைதானத்தில் நாங்கள் பேசாத சர்க்கரையா? எதிர் வீட்டுக்காரரின் சர்க்கரை, மாமனாரின் சர்க்கரை, வெந்தயம், பாகற்காய், ஆவாரம்பூ... அடுத்தவன் சர்க்கரையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். சொந்தச் சர்க்கரை என்றால் மட்டும் வாஷ்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சட்டையைத் தூக்க வேண்டியிருக்கிறது. என்ன பயம் இது? உயிர் போகிற பயத்தைவிடவா ஊர் பேசுகிற பயம் பெரிது? ஆமாம் என்றுதான் அன்றைக்கு அந்த மேஜை சொன்னது.

கதை இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நாங்குநேரிக்குப் போனோம்.

மாப்பிள்ளை வீடு பார்க்கும் சடங்கு. சுப்பையா, கோமதி மதினி, சொந்தக்காரர்கள் நாலைந்து பேர், துணைக்கு நான். வீடு பிடித்திருந்தது, மனிதர்கள் அதைவிட. மதியம் கூடத்தில் வரிசையாக இலை போட்டார்கள். சுப்பையா கை கழுவப் போய்விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு மறுபக்கம் மாப்பிள்ளையின் அப்பா. பொரியல் வந்தது. கூட்டு வந்தது. அப்பளம் வந்தது. சோறு மட்டும் வரவில்லை.

"மாப்பிள்ளையோட தாய்மாமா வள்ளியூர்ல பஸ் ஏறிட்டாரு. ஒரு பத்து நிமிசம், வந்ததும் தொடங்கிரலாம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

வள்ளியூர் பஸ்ஸின் பத்து நிமிஷம் எனக்குத் தெரியாதா?

சுப்பையாவைப் பார்த்தேன். ஊசி போட்டாச்சா என்று கண்ணாலேயே கேட்டேன். ஆமாம் என்று தலையசைத்தார். டாக்டர் சொன்னபடி இலையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போட்டாராம். இலை வந்தால் சோறு வரும் என்று யார்தான் நம்ப மாட்டார்கள்? என் சட்டைப்பையில் மூன்று வாரமாகக் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டேன். வாசற்படியில் நின்ற மதினியின் முகம் வெளுத்துவிட்டது. இவர் சொல்லவும் மாட்டார், நம்மைச் சொல்ல விடவும் மாட்டார், மகள் கல்யாணம்... இன்றைக்கு என்ன ஆகப் போகிறதோ!

சுப்பையா தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்லிருதேன். எனக்கு சுகர் உண்டு. இன்சுலின் ஊசி போடுதேன். இப்பமும் போட்டுட்டுத்தான் உக்காந்திருக்கேன். உங்க மச்சினரு பைய வரட்டும், ஒண்ணும் அவசரமில்ல. எனக்கு மட்டும் சோறு போடச் சொல்லுங்க. நான் தொடங்கிக்கிடுதேன்."

மதினி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் இலையில் இருந்த உப்பை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அதுக்கென்ன அண்ணாச்சி, வந்ததுமே சொல்லியிருந்தா அப்பமே போட்டிருப்பமே" என்று சுப்பையாவின் இலையில் சோற்றைத் தள்ளினார். பிறகு தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்களும் சாப்பிடுங்க. உங்களுக்கும் மாத்திரை போட்டு எவ்ளோ நேரமாச்சு?"

சம்பந்தி குனிந்து அப்பளத்தை ஒடித்தார்.

சுப்பையா முதல் வாய்ச் சோற்றை விழுங்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீரு மாத்திரை போட்டாச்சாவே?"

"எந்த மாத்திரை?" என்றேன். என் காதே சூடானது.

"அன்னைக்கு உம்ம பையில மீட்டர் இருந்துச்சே, என் வீட்டுல இருக்கதும் அதே உறைதான். பையைத் திறந்து கையை விட்டீரு. தொட்டீரு. வெளிய எடுக்கல." சுப்பையாவின் குரலில் கோபமே இல்லை. "எனக்கு வாய்தான் வரலவே. கண்ணு தெரிஞ்சுது."

நிபந்தனை இதுதான். இதையும் எழுத வேண்டும் என்றார். எழுதிவிட்டேன்.

அந்த ஹோட்டலுக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் எனக்குச் சர்க்கரை என்று சொன்னார்கள். மாத்திரை தந்தார்கள். சர்க்கரை ஏறக்கூடாது என்று மட்டும்தான் என் மண்டையில் ஏறியிருந்தது, இறங்கினாலும் ஆபத்து என்பது எனக்குத் தெரியாது. மீட்டரை மனைவிதான் தோள்பையில் போட்டு அனுப்பினாள். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது, உங்களுக்கும் சொல்லவில்லை. செல்வின் கத்தியபோது என் விரல் அந்த மீட்டரின் உறையில் இருந்தது. எடுத்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்று ஒரு பத்து விநாடி. அதற்குள் அந்த நகைக்கார அம்மா நீட்டிவிட்டார். நான் கையை வெளியே எடுத்துக்கொண்டேன்.

அவர் நீட்டாமல் இருந்திருந்தால் நான் எடுத்திருப்பேனா? எடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் நான் இதுவரை எழுதிய பயங்களிலேயே கேவலமானது அதுதான்.

"உம்மளத் திட்டலவே. நானும் அப்படித்தானே இருந்தேன்" என்றார் சுப்பையா. "இப்பம் சொல்லும், போட்டாச்சா?"

"போட்டாச்சுவே" என்றேன். கூடம் முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். எதிர்வரிசையில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். சோற்று வாளி என் இலைக்கு வந்தது.

தாய்மாமா வந்து சேர்ந்தபோது நாங்கள் ரசத்தில் இருந்தோம்.